கார் ஹெட்லைட்டுக்குள் ஈரம் படிந்து மங்கலாகத் தெரிகிறது. அதை எப்படி எடுப்பது?

முதலில் மங்கல் உள்ளேதான் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்த அந்த நொடி பளிச்சென்று ஆகி, காய்ந்ததும் மறுபடி மங்கினால் அது ஈரம் இல்லை. நாம் கண்ணாடி என்று சொன்னாலும் இப்போதைய கார்களில் அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். வெயிலில் அதன் மேற்பூச்சு கெட்டு மஞ்சளடிக்கும். அதற்கு பாலிஷ் போட வேண்டும், கீழே சொல்வது எதுவும் உதவாது.

உள்ளேதான் ஈரம் என்றால், அது எந்த மாதிரி ஈரம் என்பதைப் பொறுத்துத்தான் வேலை. ஹெட்லைட் காற்றுப் புகாமல் அடைத்த பெட்டி அல்ல. விளக்கு எரியும்போது உள்காற்று சூடாகி விரியும், அணைத்ததும் சுருங்கும். அதற்காகவே பின்பக்கம் சின்னச் சின்ன காற்றுத் துளைகள் வைத்திருப்பார்கள். மழையிலோ வாட்டர் வாஷ் முடிந்தோ சூடு தணியும்போது அந்த வழியாக ஈரக்காற்றும் உள்ளே போய், குளிர்ந்த முன்பக்கத்தில் பனி போலப் படியும். ஒரு மூலையில் மெல்லிசாகப் படிந்து, விளக்கைப் போட்டு ஓட்டியதும் மறைந்துவிடுகிறதா? விட்டுவிடுங்கள், அது கோளாறே இல்லை. எல்இடி விளக்கில் மறையக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும், ஏனென்றால் அதன் சூடு பெரும்பாலும் பின்பக்கமாகத்தான் போகிறது.

சொட்டுச் சொட்டாக வழிந்தாலோ, அடியில் தண்ணீர் தேங்கி நின்றாலோதான் கவலைப்பட வேண்டும். இந்த நிலையில் எல்லோரும் முதலில் ஹேர் டிரையரைத் தேடுவார்கள். நான் முதலில் தேடுவது தண்ணீர் வந்த வழியை. அதை அடைக்காமல் உலர்த்தினால் அடுத்த மழைக்கு அதே கதைதான்.

பானெட்டைத் திறந்து பின்பக்க ரப்பர் மூடியைப் பாருங்கள். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் வில்லன் இதுதான். என் காரில் பல்ப் மாற்றிக் கொடுத்த கடையில் மூடியை அவசரமாக அமுக்கிவிட்டிருந்தார்கள். பார்வைக்குச் சரியாக இருந்தது, விளிம்பில் விரலை ஓட்டியபோதுதான் ஓரிடத்தில் ரப்பர் உள்பக்கமாக மடிந்திருப்பது தெரிந்தது. மடிப்பை எடுத்துச் சரியாக மாட்டியதோடு தொல்லை தீர்ந்தது. தனியாக வாங்கிய எல்இடி பல்பைப் பொருத்த மூடியில் ஓட்டை போட்டிருந்தால், சந்தேகமே வேண்டாம், வழி அதுதான். மூடி நன்றாக இருந்தால் காற்றுத் துளைகளில் தூசியோ சிலந்திக்கூடோ அடைத்திருக்கிறதா, முன்பக்கம் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே தூசி கோடாக வழிந்த தடம் இருந்தால், அது தொடங்கும் இடத்தருகேதான் கசிவு இருக்கும்.

சரி, இப்போது உலர்த்தலாம். விளக்கை அணைத்து, சூடு ஆறியதும் மூடியையும் பல்பையும் கழற்றுங்கள். ஹாலஜன் பல்பின் கண்ணாடியில் விரல் படக்கூடாது, கைப்பிசுக்கு ஒட்டிய இடம் அதிகமாகச் சூடேறி பல்ப் சீக்கிரம் போய்விடும். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், சற்றுத் தள்ளிப் பிடித்து, பல்ப் துளை வழியாகக் காற்று அனுப்புங்கள். அவசரம் இல்லை என்றால் துளையில் மெல்லிய துணியைக் கட்டி வெயிலில் நிறுத்துவதே நல்லது. தண்ணீர் தேங்கியிருந்தால் விளக்கையே கழற்றிக் கவிழ்த்துவிட வேண்டும். சில கார்களில் இதற்கு பம்பரையும் இறக்க வேண்டியிருக்கும், அதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

ஹேர் டிரையரைவிடப் பல மடங்கு சூடாகக் காற்றடிக்கும் ஹீட் கன் வேண்டாம், பிளாஸ்டிக் நெளிந்துவிடும். உள்ளே துணியை விட்டுத் துடைக்கவும் வேண்டாம். பல்பின் ஒளியை முன்னால் திருப்பும் பளபளப்பான ரிஃப்ளெக்டரில் இருப்பது மிக மெல்லிய அலுமினியப் பூச்சு, ஒரே துடைப்பில் கோடு விழும். அடியில் ஓட்டை போடச் சொல்பவர்கள் உண்டு. தண்ணீர் வடியும்தான், அப்புறம் தூசியும் அதே வழியாக உள்ளே வரும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டால் கொஞ்ச நாள் ஈரத்தை உறிஞ்சும், நிறைந்ததும் சும்மா கிடக்கும். போட்டே ஆக வேண்டும் என்றால் பல்பைத் தொடாத இடத்தில் வையுங்கள்.

எல்லாவற்றையும்விட மோசம், சுற்றிலும் சிலிகான் பூசிக் காற்றுத் துளைகளையும் சேர்த்து அடைப்பது. உள்ளே இருக்கும் ஈரத்துக்கு வெளியே வர வழியே இருக்காது. புளிப்பு வாடை அடிக்கும் சிலிகானாக இருந்தால் அதன் ஆவி ரிஃப்ளெக்டரையும் கெடுக்கலாம்.

மூடியும் துளைகளும் சரியாக இருந்தும் மறுபடி தண்ணீர் சேர்ந்தால், விளக்கின் முன்பக்கக் கண்ணாடியும் பின்கூடும் ஒட்டும் இடத்தில் பசை விட்டிருக்கும். அதைச் சூடாக்கிப் பிரித்து, பியூட்டைல் பசை வைத்து மறுபடி ஒட்ட வேண்டும். இதை வீட்டில் முயலாமல், தெரிந்தவரிடம் கொடுங்கள். பின்கூடே உடைந்திருந்தால் விளக்கை முழுதாக மாற்றுவதுதான் வழி. கார் வாரண்டியில் இருந்தால் எதையும் பிரிப்பதற்கு முன் சர்வீஸ் சென்டரில் காட்டிவிடுங்கள். நீங்கள் கைவைத்த விளக்கை அவர்கள் இலவசமாக மாற்றித் தர மறுக்கலாம்.