பாதை அறுந்ததை ரவுட்டர் எப்படி அறியும்?

வலையமைப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் தலைமை அலுவலகம் கிளிநொச்சியில், கிளை மல்லாவியில். நடுவில் ஒரு கோபுரம் வைத்து ரேடியோ இணைப்பு எடுத்திருக்கிறோம். துணைக்கு 4ஜி இருக்கிறது. நடுக்கோபுரத்தில் கரண்ட் போனால் வேலை முழுவதும் நின்றுவிடுகிறது. ஆனால் இரண்டு பக்க ரவுட்டரிலும் விளக்கு எரிந்தபடியே இருக்கிறது, 4ஜிக்கு மாறுவதில்லை. யாராவது போய்க் கேபிளைக் கழற்றினால்தான் மாறுகிறது. ரவுட்டர் பழுதா?
– வாசகர், மல்லாவி

பதில்: ரவுட்டரில் பழுதில்லை. அந்த விளக்கு, ரவுட்டருக்கும் அதன் பக்கத்தில் நிற்கும் ரேடியோவுக்கும் இடைப்பட்ட சில மீற்றர் கேபிளைப் பற்றி மட்டுமே சொல்கிறது. அதற்கு அப்பால் காற்றில் போகும் பாதை அறுந்தது ரவுட்டருக்குத் தெரிய வழியில்லை. துருசு திறந்திருக்கிறது என்பதை மட்டும் பார்த்துவிட்டு, கடைமடை வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தது என்று சொல்ல முடியாதல்லவா? நீங்கள் கையால் எழுதிவைத்த நிலையான வழி, கேபிள் செருகிய போர்ட் உயிரோடு இருக்கும்வரை தானும் உயிரோடு இருக்கும். கேபிளைக் கழற்றியதும் மாறுவது அதனால்தான்.

மைக்ரோடிக் ரவுட்டர் என்றால், நிலையான வழியிலேயே மறுமுனையைப் பிங் செய்து (‘இருக்கிறாயா’ என்று சிறு செய்தி அனுப்பி) பார்க்கும் வசதி உண்டு. 10 செக்கனுக்கு ஒருமுறை கேட்கும், இரண்டு முறை பதில் வராவிட்டால் வழியைக் கைவிடும். கோப்பு அனுப்புவதற்கு இது போதும். தொலைபேசி அழைப்பும் கணக்குப் பதிவும் அதே பாதையில் ஓடுகின்றன என்றால் போதாது. ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் தமக்குள் பேசி வழிகளைத் தெரிவுசெய்யும் நெறிமுறை) போட்டாலும், வழக்கமான அமைப்பில் 10 செக்கனுக்கு ஒரு வணக்கப் பொதி (‘இருக்கிறேன்’ என்று சொல்லும் சிறு தரவுத் துண்டு) போகும், 40 செக்கன் ஒன்றும் கேட்காவிட்டால்தான் அயல் ரவுட்டர் செத்ததாகக் கொள்ளும்.

இந்த இடைவெளியை அடைக்க வந்த நெறிமுறைதான் பிஎஃப்டி (இரு திசையிலும் பாதையைச் சோதிப்பது). இரண்டு ரவுட்டர்களும் ஒன்றுக்கொன்று சிறு யூடிபி பொதிகளை (கிடைத்ததா என்ற பதிலுக்குக் காத்திராமல் அனுப்பும் வகை) ஓயாமல் அனுப்பும். குறித்த எண்ணிக்கை தொடர்ந்து வராவிட்டால் உடனே ஓஎஸ்பிஎஃப்பிடமோ, வழி தேடும் இன்னொரு நெறிமுறையான பிஜிபியிடமோ சொல்லும். வழி தேடுவது பிஎஃப்டியின் வேலையல்ல. பாதை இருக்கிறதா இல்லையா, அது ஒன்றைத்தான் சொல்லும்.

உங்கள் இடத்துக்கு நாங்கள் சொல்வது இது. ரேடியோ வழியில் ஓஎஸ்பிஎஃப், அதன்மேல் பிஎஃப்டி: இடைவெளி 300 மில்லிசெக்கன், பெருக்கம் (எத்தனை பொதி தொடர்ந்து வராவிட்டால் பாதை போனதாகக் கொள்வது) 3. கிட்டத்தட்ட 900 மில்லிசெக்கனில் பாதை போனது தெரியும். 4ஜி பக்கம் நிறுவனத்தின் ரவுட்டர் உங்களோடு பிஎஃப்டி பேசாது. ஆகவே இரண்டு அலுவலகங்களுக்கும் இடையில் வயர்காட் சுரங்கம் (இணையத்தின் ஊடாக மறைகுறியாக்கிப் போகும் தனி இணைப்பு) ஒன்று போட்டு, அதற்குள் ஓஎஸ்பிஎஃப்பையும் பிஎஃப்டியையும் ஓடவிடுங்கள். ஒரு முனைக்காவது பொது ஐபி முகவரி (இணையத்திலிருந்து நேரே எட்டக்கூடிய முகவரி) வேண்டும். மறுமுனையில் 25 செக்கனுக்கு ஒருமுறை உயிர்ப்புப் பொதி போக வையுங்கள். பலர் இடறும் இடம் ஒன்று உண்டு: சுரங்கத்தின் அனுமதித்த முகவரிகளில், ஓஎஸ்பிஎஃப் வணக்கப் பொதிகள் போகும் குழு முகவரியான 224.0.0.5ஐயும் சேர்க்கவேண்டும். சேர்க்காவிட்டால் சுரங்கத்தில் பிங் போகும், ஓஎஸ்பிஎஃப் மட்டும் எழும்பாது. ஓஎஸ்பிஎஃப் செலவு எண் குறைந்த வழியைத்தான் தெரிவுசெய்யும்; சுரங்கத்துக்கு அந்த எண்ணைக் கூட்டி வைத்தால், ரேடியோ இருக்கும்வரை 4ஜி தொடப்படாது.

4ஜியில் பிஎஃப்டி இடைவெளியை 1 செக்கன், பெருக்கத்தை 5 என்று வையுங்கள். காரணம் காசு. பிஎஃப்டி பொதி 24 பைட். யூடிபி, ஐபி தலைப்புகள் சேர 52. வயர்காட் உறை போட்டதும் 124. செக்கனுக்கு ஒன்று என்று இரு திசைக்கும் கணக்குப் போட்டால் மாதத்துக்கு 640 மெகாபைட் அளவில் போகும். 300 மில்லிசெக்கன் வைத்தால் இரண்டு ஜிகாபைட்டைத் தாண்டும், அதுவும் ஒரு வேலையும் நடக்காமலே.

கேள்வி: இடைவெளி 50 மில்லிசெக்கன், பெருக்கம் 3 என்று வைத்தோம். மாரி தொடங்கியதிலிருந்து இணைப்பு விழுந்து விழுந்து எழும்புகிறது. பிஎஃப்டியை நிறுத்தினால் ஒரு பிரச்சினையும் இல்லை. அப்படியென்றால் பிஎஃப்டி எதற்கு?
– வாசகர், நெடுங்கேணி

பதில்: 150 மில்லிசெக்கன் மௌனத்தை நீங்கள் சாவு என்று வரையறுத்துவிட்டீர்கள். ரேடியோ பாதையில் அவ்வளவு நேர மௌனம் சாதாரணம். சமிக்ஞை தளரும்போது ரேடியோ வேகத்தைக் குறைக்கும், தொலைந்த சட்டகங்களைத் திரும்ப அனுப்பும். அந்த நேரத்தில் பொதி வரிசையில் நிற்கும். பாதை சாகவில்லை, மூச்சு வாங்குகிறது.

முதலில் அளவெடுங்கள். ஒரு முழு நாள், சன நெரிசல் கூடிய மாலை நேரமும் சேர, செக்கனுக்கு 5 பிங் வீதம் ஓடவிட்டுக் கோப்பில் பதியுங்கள். தொடர்ந்து பதில் வராத நீண்ட இடைவெளி எது என்று பாருங்கள். 600 மில்லிசெக்கன் என்று வந்தால், கண்டறியும் நேரம் அதைப்போல் இரண்டு மடங்காவது இருக்கட்டும்: 300ஐ 4ஆல் பெருக்கினால் 1200. பெருக்கத்தை 1 என்றோ 2 என்றோ வைக்கவேண்டாம். தனி ஒரு பொதி தொலைவதெல்லாம் செய்தியாகக் கூடாது.

கண்டறியும் நேரம் நீங்கள் உங்கள் ரவுட்டரில் எழுதியது மட்டுமல்ல என்பதையும் கவனியுங்கள். மறுபக்கம் அனுப்ப விரும்பும் இடைவெளி ஒன்று, நீங்கள் வாங்கக்கூடிய குறைந்த இடைவெளி ஒன்று. இரண்டில் பெரியதை எடுத்து, மறுபக்கத்தின் பெருக்கத்தால் பெருக்கவேண்டும். மறுபக்கம் 100 மில்லிசெக்கனுக்கு ஒன்று அனுப்ப விரும்பி, பெருக்கம் 3 என்று வைத்திருக்க, நீங்கள் 500க்குக் குறைய வாங்கமாட்டேன் என்றால், உங்கள் பக்கத்தில் 1500 ஆகும். எதிர்த்திசையின் கணக்கு வேறாக இருக்கலாம். ஆகவே இரண்டு பக்கத்தையும் பாருங்கள்.

சிறிய ரவுட்டர்களில் பிஎஃப்டி தனிச் சில்லில் (சிப்பில்) ஓடாது. மற்ற எல்லா வேலையையும் செய்யும் அதே செயலியில்தான் ஓடும். அவற்றில் 100 மில்லிசெக்கனுக்குக் கீழே இறங்குவதை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. பிஎஃப்டி பொதிகளுக்கு முன்னுரிமை வரிசை ஒன்றும் கொடுங்கள். இல்லாவிட்டால் யாரோ பெரிய கோப்பு இறக்கும்போது பாதை செத்ததாகச் செய்தி வரும்.

மழையைப் பற்றி ஒரு வார்த்தை. 5 கிகாஹேர்ட்ஸில் மழைத்துளி மட்டும் சமிக்ஞையைப் பெரிதாகக் குறைக்காது. 10க்கு மேற்பட்ட அலைவரிசைகளில்தான் அது பெரிய குற்றவாளி. உங்களுடையது 5 என்றால், கேபிள் முனையில் தண்ணீர் இறங்கியிருக்கிறதா, காற்றுக்குக் கம்பம் ஆடுகிறதா என்று பாருங்கள். நேரக் கணக்கைத் தளர்த்தி அந்தப் பழுதை மூடிவிடாதீர்கள்.

கேள்வி: பிஎஃப்டி ஒரு பக்கம் ‘இனிட்’ (தொடக்க நிலை) என்றும் மறுபக்கம் ‘டவுன்’ என்றும் காட்டியபடி நிற்கிறது. ‘அப்’ ஆகவே இல்லை. எங்கே தேடுவது?
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: நல்ல அறிகுறி கிடைத்திருக்கிறது, பாதித் தேடல் முடிந்தது. மறுபக்கத்தின் ‘டவுன்’ பொதியைக் கேட்ட ரவுட்டர்தான் ‘இனிட்’டுக்குப் போகும். ஒன்றும் கேட்காதது ‘டவுன்’ நிலையிலேயே நிற்கும். ஆகவே ‘இனிட்’ பக்கத்திலிருந்து ‘டவுன்’ பக்கத்துக்குப் போகும் திசைதான் அடைபட்டிருக்கிறது. ‘டவுன்’ ரவுட்டரின் தீச்சுவரை (பொதிகளை வடிகட்டும் காவலை) முதலில் பாருங்கள்: தனக்கே வரும் பொதிகளில், பிஎஃப்டியின் வாசல் எண்ணான யூடிபி 3784ஐ அது விடவேண்டும். ஊடாகப் போகும் பொதிகளுக்கு மட்டும் திறந்துவிட்டு, தனக்கு வருவதை மறந்துபோவது அடிக்கடி நடக்கும். அது சரி என்றால் இழையைச் சோதியுங்கள். இரட்டை இழை ஃபைபரில் ஒன்று மட்டும் முறிந்தாலும் இதே காட்சிதான்.

இரண்டு பக்கமும் ‘டவுன்’ என்றால் வேறு காரணங்கள்: அயல் முகவரி பிழை, கடவுச்சொல் பொருந்தாமை, அல்லது நடுவில் இன்னொரு ரவுட்டர். ஒரே தாவலுக்கான (நடுவில் ரவுட்டர் இல்லாத நேர் இணைப்புக்கான) பிஎஃப்டி, டிடிஎல் (ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறையும் எண்) 255 ஆக வரும் பொதியைத்தான் ஏற்கும். வெளியிலிருந்து யாரும் போலிப் பொதி அனுப்பக்கூடாது என்பதற்காக வைத்த காவல் அது. நடுவில் ரவுட்டர் இருந்தால் 254 ஆகிவிடும், சத்தமில்லாமல் எறியப்படும். அப்படியான இடத்தில் பல தாவல் பிஎஃப்டியை இரு பக்கமும் போடுங்கள். அதன் வாசல் எண் 4784.

ஓடிக்கொண்டிருந்த இணைப்பு விழுந்தால் காரண எண்ணைப் படியுங்கள். 1 என்றால் அந்த ரவுட்டர் தானே மௌனத்தைக் கண்டது. 3 என்றால் அயலவர் சொல்லி அறிந்தது. 1 காட்டும் பக்கத்தை நோக்கி வரும் திசையில்தான் பழுது. கோபுரத்தில் ஏற ஆள் அனுப்பமுன் இதைப் பார்த்தால், எந்தக் கோபுரம் என்பதாவது தெரியும்.

கேள்வி: பிஎஃப்டி ‘அப்’, பிங்கும் போகிறது. ஆனால் இணையப் பக்கங்கள் பாதியில் நிற்கின்றன.
– வாசகர், முருங்கன்

பதில்: சின்னப் பொதி போகிறது, பெரியது போகவில்லை. 1472 பைட் தரவோடு, துண்டாக்கத் தடை போட்டுப் பிங் செய்யுங்கள். தலைப்போடு 1500 ஆகும். போகாவிட்டால், போகும்வரை குறைத்து, கிடைத்த அளவோடு தலைப்பின் 28 பைட்டையும் கூட்டி, எம்டியு (ஒரு பொதியின் உச்ச அளவு) ஆக இரு முனையிலும் எழுதுங்கள். பிஎஃப்டி பொதியையே பெரிதாக்கி அனுப்பி இதைக் கண்டுபிடிக்கும் முறை 2025இல் ஆர்எஃப்சி (இணைய நெறிமுறைகளை விளக்கும் ஆவண வரிசை) 9764 ஆக வந்திருக்கிறது. உங்கள் கருவியில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: இந்தத் தரங்களை யார் எழுதுகிறார்கள்? அறிவியல்நகரில் படிக்கும் எங்களைப் போன்றவர்கள் அதில் ஏதாவது செய்யலாமா?
– பொறியியல் பீட மாணவி, கிளிநொச்சி

பதில்: செய்யலாம். ஐஇடிஎஃப் என்ற இணையப் பொறியியல் செயலணிக்கு அங்கத்துவம் இல்லை, சந்தா இல்லை. வரைவுகள் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். மின்னஞ்சலில் கருத்து எழுத யாருடைய கடிதமும் தேவையில்லை.

ஒருவர் வரைவு எழுதுகிறார். ஆறு மாதத்துக்குள் புதுப்பிக்காவிட்டால் அது காலாவதியாகும். பணிக்குழு ஏற்றுக்கொண்டால் குழுவின் ஆவணமாகிறது. குழுவுக்குள் இறுதி அழைப்பு, பிறகு எல்லோருக்குமான இறுதி அழைப்பு, வழிநடத்தும் குழுவின் பரிசீலனை, கடைசியாக ஆர்எஃப்சி. வாக்கெடுப்பு இல்லை. பெரும்பாலும் ஒத்த கருத்தும், உண்மையில் ஓடும் நிரலும்தான் அங்கே எடைபோடப்படும். பிஎஃப்டியின் அடிப்படை ஆவணமான ஆர்எஃப்சி 5880, டேவ் காட்ஸ், டேவ் வார்ட் இருவரும் எழுதியது, 2010 ஜூனில் வந்தது.

அதற்குப் பின் வந்த பலதும் பாவனையில் கண்ட குறைகளிலிருந்து பிறந்தவை. பல இணைப்புகளை ஒன்றாகக் கட்டியபோது, ஒன்று செத்தாலும் மற்றதில் ஓடிய பிஎஃப்டி நலம் என்று சொன்னது. கட்டிலுள்ள ஒவ்வொரு இணைப்புக்கும் தனி பிஎஃப்டி வைக்கும் ஆர்எஃப்சி 7130 அதற்காக 2014இல் வந்தது. வெவ்வேறு கம்பனிகளின் சில்லுகள் வெவ்வேறு இடைவெளிகளை மட்டும் தாங்கியதால் பேச்சு ஒத்துவரவில்லை. எல்லோரும் பொதுவாகத் தாங்கவேண்டிய இடைவெளிகளை அதே ஆண்டில் ஆர்எஃப்சி 7419 பட்டியலிட்டது.

ஆகவே புதிய யோசனையோடுதான் போகவேண்டும் என்றில்லை. ஒரு கணினியில் லினக்ஸின் வலைப்பெயர்வெளிகள் (ஒரே கணினிக்குள் தனித்தனிக் கணினிகள்போல் நடக்கும் வலைப்பகுதிகள்) இரண்டை இணைத்து, எஃப்ஆர்ஆர் என்ற திறந்தமூல ரவுட்டர் மென்பொருளில் பிஎஃப்டியை ஓடவிடுங்கள். ஒரு திசையில் மட்டும் பொதிகளைத் தடுங்கள், 200 மில்லிசெக்கன் தாமதம் சேருங்கள், கடிகாரத்தை மாற்றிப் பாருங்கள். எல்லாவற்றையும் பொதிப் பதிவில் பிடியுங்கள். பிறகு வரைவோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். ‘இத்தனையாம் பிரிவின் இந்த வாக்கியத்தை இரண்டு விதமாக நிரலாக்கலாம், அப்படிச் செய்தால் இது நடக்கிறது’ என்று பதிவையும் சேர்த்து எழுதினால் ஆசிரியர்கள் பதில் போடுவார்கள். வெளியான ஆர்எஃப்சியில் பிழை கண்டால் அதற்குப் பிழைதிருத்தப் படிவம் தனியாக உண்டு. அதில் பழைய வாக்கியம், திருத்திய வாக்கியம், காரணம் மூன்றையும் எழுதவேண்டும்.