மூட்டு மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு தனியாக இருக்கிறேன், அழுகையாக வருகிறது

கேள்வி: எனக்கு 66 வயது. மயிலாடுதுறையில் தனியாக இருக்கிறேன். கணவர் காலமாகிவிட்டார், மகன் மஸ்கட்டில் வேலை செய்கிறான். மூன்று வாரத்துக்கு முன் வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. முதலில் தங்கை வந்து பார்த்துக்கொண்டாள், அவளும் ஊருக்குப் போய்விட்டாள். வாக்கர் பிடித்து நடக்கிறேன். ஆனால் விழுந்துவிடுவேனோ என்ற பயத்தில் பெரும்பாலும் கட்டிலிலேயே இருக்கிறேன். காரணமில்லாமல் அழுகை வருகிறது, ராத்திரி தூக்கம் இல்லை. ஆபரேஷன் செய்துகொண்டதே தப்போ என்று தோன்றுகிறது. என்ன செய்யலாம் டாக்டர்?

பதில்: அம்மா, இந்த ஆபரேஷன் செய்துகொண்ட பலர் முதல் சில வாரங்களில் இதையேதான் சொல்கிறார்கள். ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை யாராவது வந்து பார்த்துக்கொண்டே இருப்பார்கள். வீட்டுக்கு வந்து, கூட இருந்தவரும் கிளம்பிய பிறகுதான் வலி, தூக்கமின்மை, தனிமை எல்லாம் சேர்ந்து அழுத்தும். ஆபரேஷன் தப்பாகிவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் கட்டிலிலேயே கிடப்பதை இன்றோடு விட வேண்டும். படுத்தே இருந்தால் தொடைத் தசை மெலியும், மூட்டு இறுகும். பகலில் கண் அயர்ந்தால் ராத்திரித் தூக்கம் போகும், தூக்கம் கெட்டால் மனசும் சோர்ந்துபோகும்.

உங்கள் பயம் நியாயமானது. அதற்காக நடையைக் குறைக்காதீர்கள், வீட்டைச் சரிசெய்யுங்கள். நடக்கும் வழியில் கால்மிதி, ஒயர் எதுவும் வேண்டாம். பாத்ரூம் வரை ராத்திரி முழுக்க ஒரு சின்ன விளக்கு எரியட்டும். செல்போனைத் துணிப்பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். விழுந்தவருக்கு மேஜை மேல் இருக்கும் போன் எட்டாது. ஒரு சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவையுங்கள், உள்ளே தாழ்ப்பாள் போடாமல் பூட்டிக்கொள்ளுங்கள். எழுந்திருக்கும்போது வாக்கரைப் பிடித்து இழுக்காதீர்கள், அது உங்கள் மேலேயே சாயும். நாற்காலியின் இரண்டு கைப்பிடியையும் அழுத்தி எழுந்து, நிதானித்த பிறகு வாக்கரைப் பிடியுங்கள்.

ஒரே மூச்சில் நிறைய நடக்க வேண்டாம். விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை எழுந்து ஐந்து நிமிடம் வீட்டுக்குள் நடந்தால் போதும். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளைத் தினமும் செய்யுங்கள். டாக்டர் எழுதிக்கொடுத்த வலி மாத்திரையைப் போட்டு முக்கால் மணி நேரம் கழித்துச் செய்தால் காலை மடக்குவது அவ்வளவு சிரமமாக இருக்காது. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: சுகமாக இருக்கிறதே என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். மூட்டு மடங்கிய நிலையிலேயே இறுகிப்போகும், பிறகு நீட்டுவது பெரும்பாடு. துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்து, முழங்கால் தானாக நீளும்படி விடுங்கள்.

தனியாக இருப்பவர்களை ராத்திரியில் சின்னச் சின்ன விஷயமெல்லாம் பயமுறுத்தும். மூட்டைச் சுற்றி லேசான சூடு, சாயங்காலமானால் வீக்கம், தையலுக்கு வெளிப்பக்கம் மரத்த உணர்வு, நடக்கும்போது 'டக்' என்ற சத்தம் எல்லாம் சில மாதங்கள் இருக்கக்கூடியவைதான். ஆனால் கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, தையலில் நீர் அல்லது சீழ் கசிந்தாலோ அன்றைக்கே ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போங்கள். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். பாத்ரூமுக்குப் போக வேண்டுமே என்று தண்ணீரைக் குறைத்துவிட்டீர்களா? பலரும் செய்வதுதான். அதனால் மலச்சிக்கல் வரும், சிறுநீரில் கிருமி சேரும், தலைசுற்றி விழவும் வாய்ப்பு உண்டு. இருதயம், சிறுநீரகத்துக்காகத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் தவிர, தாராளமாகக் குடியுங்கள். அதேபோல, 'எனக்கு ஒருத்திக்காக எதுக்கு அடுப்பு மூட்டணும்' என்று மூன்று வேளையும் மோர்சாதத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். பருப்பு சாப்பிட்டால் புண் சீழ் பிடிக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். புண் ஆறவும் தசை வளரவும் பருப்பு, சுண்டல், முட்டை, மீன் எல்லாம் வேண்டும்.

மகனிடம் போனில் 'நல்லா இருக்கேன்ப்பா' என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதீர்கள். அழுகை வருவதைச் சொல்லுங்கள். காலைப் பயிற்சி நேரத்தில் அவரை வீடியோவில் வரச்சொல்லி எண்ணிக்கை போடச் சொல்லலாம், அவருக்கும் நிம்மதியாக இருக்கும். சாயங்காலம் ஒரு மணி நேரம் வாசலில் உயரமான நாற்காலி போட்டு உட்காருங்கள். தெருவில் போகிறவர்கள் நின்று நாலு வார்த்தை பேசுவார்கள். குனிந்து கோலம் போடுவது இப்போதைக்கு வேண்டாம். பக்கத்து வீட்டுப் பெண் போடட்டும், நீங்கள் உட்கார்ந்து புள்ளிக் கணக்குச் சொல்லுங்கள்.

2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தேவைப்படுவோருக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். உங்களுக்குக் கிடைக்குமா என்று பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள். இன்னும் இரண்டு வாரத்தில் மனசு தெளியவில்லை என்றாலோ, சாப்பாடே பிடிக்காமல் போனாலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். இருந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைகாட்டினால் அந்த நிமிடமே 14416-ஐ அழையுங்கள். டெலி மானஸ் என்ற அந்த அரசு மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். ஆறாவது வாரப் பரிசோதனைக்குப் போகும்போது, வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு எப்போது மாறலாம், மாடிப்படி ஏறலாமா என்று ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கேளுங்கள். தூக்கமின்மையையும் அழுகையையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.