திரும்பிற நேரத்தை வெள்ளிக்கிழமையே முடிவெடுங்கோ

தம்பி, சூரிச்சுக்கு வந்து முதல் விண்டர், வேலையிடத்துப் பெடியளோட சனிக்கிழமை மலை ஏறப் போறம், என்ன ஜக்கெட், என்ன சப்பாத்து, பனி கூடவா இருந்தா என்ன செய்யிறது எண்டு கேட்டிருக்கிறீங்கள். ஜக்கெட்டைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கினம். கடைசிக் கேள்விக்குத்தான் ஒருத்தரும் ஒழுங்காப் பதில் சொல்லுறேல்ல. பனி கூடினால் திரும்ப வேணும். எப்ப, எப்பிடித் திரும்பிறது எண்டதைத்தான் நான் சொல்லப் போறன்.

நடைபாதைகளில வழி காட்டிற மஞ்சள் பலகையில இருக்கிற நேரத்தை நம்பிப் போகாதேங்கோ. அது பனியில்லாத பாதைக்கு, சமதரையில மணிக்கு 4.2 கி.மீ நடக்கலாம் எண்டு வைச்சு, இளைப்பாறிற நேரத்தைச் சேர்க்காமல் போட்ட கணக்கு. பனி முழங்கால் மட்டுக்கு வந்தால் அதே தூரத்துக்கு ரெண்டு மடங்கு, மூண்டு மடங்கு எடுக்கும். முன்னுக்குப் போறவர் ஒவ்வொரு அடிக்கும் காலைத் தூக்கி, பனியை மிதிச்சு அமத்தித்தான் பாரத்தைப் போடலாம். அஞ்சு பத்து நிமிசத்துக்கு ஒருக்கா ஆள் மாறாட்டி அவர் வேர்த்து நனைஞ்சு, நிண்ட உடனே விறைச்சுப் போவார். முதல் அரை மணித்தியாலத்தில போயிருக்க வேண்டிய தூரத்தில பாதிகூடப் போகேல்லையெண்டால் அதிலேயே திரும்புங்கோ. மேல போகப் போகப் பனி கூடுமே தவிர குறையாது.

டிசம்பர் கடைசியில நாலரை மணி தாண்டச் சூரியன் போயிடும். பள்ளத்தாக்குக்குள்ள மலை மறைக்கிறதால அதுக்கும் முதலே நிழல் விழுந்து குளிர் ஏறும். ஆகவே கேபிள் காரடிக்கு மூண்டு மணிக்கு வந்து சேருற மாதிரிப் பின்னுக்கு இருந்து எண்ணுங்கோ. பத்து மணிக்குத் தொடங்கினால் பன்னிரண்டரைக்குத் திரும்ப வேணும், உச்சி கண்ணுக்கு முன்னால நிண்டாலும் சரி. கடைசி கேபிள் கார் எத்தினை மணிக்கு எண்டும் பாத்து, வெள்ளிக்கிழமை இரவே எல்லாற்ற போனிலும் அலாரம் வையுங்கோ. மேல நிண்டு கதைச்சால் ஒருத்தர் "இன்னும் கொஞ்சம்தானே" எண்டுவார், மற்றாக்கள் வெக்கத்தில வாய் திறக்காயினம். எங்கட ஆக்களிட்ட இது மிச்சம் கூட. மலிவா எடுத்த நாள் டிக்கெட்டின்ர காசு திரும்பக் கிடைக்காது எண்டதுக்காக மேல போறவையும் இருக்கினம். அந்தக் காசு போனால் போகட்டும். உச்சியில படம் எடுத்துப் போட்டால்தான் போனதெண்டு கணக்கு எண்ட எண்ணத்தையும் வீட்டில விட்டிட்டுப் போங்கோ.

மணிக்கூட்டைப் பாக்காமலே திரும்ப வேண்டிய இடங்களும் இருக்கு. தாவோஸில பனியையும் பனிச்சரிவையும் ஆராயிற எஸ்.எல்.எஃப் நிறுவனம் விண்டரில பின்னேரம் 5 மணிக்கும் காலமை 8 மணிக்கும் பனிச்சரிவு அறிக்கை விடும், அவையின்ர வைட் ரிஸ்க் செயலியிலயும் பாக்கலாம். அதில ஆபத்தை 5 படியாப் பிரிச்சிருக்கும், 3 எண்டால் நடுத்தரம்தானே எண்டு எங்கட ஆக்கள் நினைக்கினம். சாவுகளில பெரும்பகுதி அந்த 3ஆம் படி நாட்களிலதான். காத்தும் கடுங்குளிரும் சேர்ந்தால் பனிச்சரிவு வர 10, 20 செ.மீ புதுப்பனியே போதும். சுவிஸ் அரசாங்கத்தின்ர சுவிஸ்டோப்போ வரைபடத்தில 30 பாகைக்கு மேல சரிவான இடங்கள் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு, ஊதா நிறத்தில தெரியும். அந்த நிறத்துக்குள்ள மட்டுமில்ல, அதுக்கு நேர கீழயும் போகக்கூடாது. பாதை சமதரையா இருந்தாலும் பனி மேல இருந்துதானே வரும். காலுக்குக் கீழ "வும்" எண்டு பனி இறங்கிற சத்தம் கேட்டால், காலடியில இருந்து வெடிப்பு ஓடினால், பக்கத்துச் சரிவில புதுசா இடிஞ்ச அடையாளம் கிடந்தால், அடுத்த அடி வைக்காமல் திரும்புங்கோ.

திரும்பேக்கை, மேல சரிவில்லாத இடத்தில நிண்டு, குளிர முதலே மற்ற ஜக்கெட்டைப் போட்டு, சூடான தேத்தண்ணி குடியுங்கோ. பிறகு வந்த கால்தடத்திலேயே இறங்குங்கோ. காத்தடிச்சால் கால்மணித்தியாலத்தில தடம் மூடிப் போகலாம், அதால வரேக்கையே வழியைப் போனில பதிஞ்சு வையுங்கோ. போன் உள்பக்கப் பொக்கற்றில, உடம்புச் சூட்டோட இருக்க வேணும், வெளியில வைச்சால் பற்றரி விழுந்திடும். குறுக்குவழி எண்டு ஓடைப்பள்ளத்துக்குள்ள இறங்கவே கூடாது. பனி வந்து குவியிறது அங்கதான், முடிவில செங்குத்தும் இருக்கும். ஆக்களைப் பிரிக்காதேங்கோ. ஆகலும் மெதுவா நடக்கிறவரின்ர வேகம்தான் எல்லாருக்கும்.

ஒவ்வொருத்தரையும் கையுறையைக் கழட்டி, பெருவிரலால சின்னவிரலைத் தொடச் சொல்லுங்கோ. தொடேலாட்டி, ஜக்கெட் சிப்பைப் பூட்டேலாமல் தடுமாறினால், கதை குளறினால் உடம்பு குளிர்ந்து போச்சு. நடுக்கம் நிண்டதைச் சுகமெண்டு நினைக்காதேங்கோ, அது இன்னும் மோசம். அப்ப 1414க்கு அடியுங்கோ, அது ரேகா எண்ட மீட்பு ஹெலிகொப்டர்ச் சேவை. பொது அவசர இலக்கம் 112ம் வேலை செய்யும். சைகை காட்டிறதெண்டால் நிமிசத்துக்கு 6 தரம் வெளிச்சமோ விசிலோ, பிறகு ஒரு நிமிசம் விட்டுத் திரும்பவும். ஹெலிகொப்டர் வந்தால் ரெண்டு கையையும் மேல தூக்கி வி மாதிரி நில்லுங்கோ, உதவி வேணும் எண்டு அர்த்தம்.

சோத்துப் பார்சல் கொண்டு போகாதேங்கோ. கையுறையைக் கழட்டிக் குழைச்சு முடிக்கிறதுக்குள்ள விரல் விறைச்சிடும். கச்சான், பேரீச்சம்பழம், சொக்லேற் மாதிரிக் கையுறையோட சாப்பிடக்கூடியதா எடுங்கோ. ஜீன்ஸும் பருத்திப் பெனியனும் வேண்டாம், நனைஞ்சால் காயாது.

80களில இங்க வந்த எங்கட ஆக்கள் மலை ஹோட்டல் குசினிகளில கோப்பை கழுவினவை, விடிய முதல் வாசல் பனி வழிச்சவை. செயலி ஒண்டும் இல்லாத காலம். கூரையில பனி எந்தப் பக்கம் ஏறிக் கிடக்கெண்டு பாத்தே இரவு காத்து எங்கால அடிச்சதெண்டு சொல்லுவினம். காத்து எதிர்ப்பக்கச் சரிவில கொண்டு போய்க் குவிச்ச பனிதான் இடியும் எண்டதும் அவைக்குத் தெரியும். இண்டைக்கு அவையின்ர பிள்ளையள் பள்ளிக்கூட ஸ்கீ முகாமில சறுக்கி விளையாடுதுகள். எங்கட சனம் பனிக்கு ஆகாது எண்டு சொல்லுறவையின்ர கதையைக் கேக்காதேங்கோ.

முதல்முறையெண்டால் இளஞ்சிவப்புப் பலகை போட்ட விண்டர் பாதைக்குப் போங்கோ. ரிகி மலையில கல்ட்பாடில இருந்து ஷைடெக் வரை, 1931இல நிண்டுபோன ரயில் ஓடின தடம், 7 கி.மீ அளவு, பெரிய ஏற்றமில்லை. ஜக்கெட்டைப் பழைய சாமான் கடையில எடுங்கோ. சப்பாத்து மட்டும் புதுசா, கணுக்காலை மூடுறதா, தடிச்ச கால்மேஸோட போட்டுப் பாத்து வாங்குங்கோ.