அப்பாவின் எஸ்ஜிபிடி 900-ஐத் தாண்டியது பற்றி

வணக்கம். கல்லீரல் கட்டியை எடுத்த மறுநாள் அப்பாவின் எஸ்ஜிபிடி (ரத்தத்தில் அளக்கும் ஒரு கல்லீரல் நொதி) 900-ஐத் தாண்டிவிட்டது, "ரத்த ஓட்டத்தை நிறுத்தி நிறுத்தி அறுத்தோம்" என்று டாக்டர் சொன்னார், தவறு நடந்துவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். நான்கு வருடத்துக்கு முன் இதே சென்னையில் என் அம்மாவுக்கும் இதே ஆபரேஷன். அந்த ரிப்போர்ட்டோடு ஐசியூ வாசலில் விடிய விடிய உட்கார்ந்திருந்தேன்.

கல்லீரலுக்குப் போகும் ரத்த ஓட்டத்தை நிறுத்துவது, அறுக்கும்போது ரத்தப்போக்கைக் குறைக்கத்தான். 1908-இல் கிளாஸ்கோவின் பிரிங்கிள் என்ற மருத்துவர் எழுதிய முறை. பெரும்பாலும் ரத்தக்குழாய்களை 15 நிமிடம் இறுக்கி, 5 நிமிடம் விடுவார்கள். ஆக்சிஜன் இல்லாமல் செல்கள் வாடும். ஆனால் ரத்தம் திரும்பி வரும்போதும் சேதம் கூடும்: திடீரென்று பாயும் ஆக்சிஜனிலிருந்து தீங்கான மூலக்கூறுகள் உருவாகி, அழற்சியும் சேர்ந்துகொள்ளும். அடிபட்ட செல்களிலிருந்து கசிவதுதான் எஸ்ஜிபிடி. முதல் இரண்டு நாளில் உச்சத்துக்குப் போய், அப்புறம் இறங்குவதே வழக்கம்.

அதனால் அந்த ஒற்றை எண்ணைப் பார்த்துப் பதறாதீர்கள். பிலிருபினும் (காமாலையில் ஏறும் மஞ்சள் நிறமி) ஐஎன்ஆரும் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் எண்) தினமும் எப்படிப் போகின்றன என்று கேளுங்கள். ஐந்தாம் நாளிலும் அவை ஏறிக்கொண்டிருந்தால் டாக்டரிடம் விளக்கம் கேளுங்கள். அப்பா குழப்பமாகப் பேசினாலோ அரைத்தூக்கத்திலேயே கிடந்தாலோ காத்திருக்காமல் டியூட்டி டாக்டரைக் கூப்பிடுங்கள். கல்லீரலில் கொழுப்பு இருந்ததா என்றும் விசாரியுங்கள். கொழுப்புக் கல்லீரல் இந்த அடியைத் தாங்குவது குறைவு.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். சொந்தக்காரர்கள் கீழாநெல்லிச் சாறு கொண்டுவந்தால், டாக்டரைக் கேட்காமல் கொடுத்துவிடாதீர்கள்.