லேக் டிஸ்ட்ரிக்டுக்கு அப்பா அம்மாவோடு: அந்த வேன் டூரை விடுங்கள்

லண்டன் ஈஸ்ட் ஹாமிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "மதுரையிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, மலை ஏற முடியாது. மகனுக்கு ஏழு வயது. எங்களிடம் கார் இல்லை. ஜூனில் லேக் டிஸ்ட்ரிக்ட் கூட்டிப் போக ஆசை. வாட்ஸப் குழுவில் ஒருவர் லண்டனிலிருந்து ஒரே நாளில் பத்து ஏரி காட்டுவதாக வேன் டூர் போடுகிறார். போகலாமா? மலை ஏறாதவர்களுக்கு அங்கே என்னதான் இருக்கிறது?"

வேன் வேண்டாம். லேக் டிஸ்ட்ரிக்ட் இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள ஏரிகளும் மலைகளும் நிறைந்த பகுதி. லண்டனிலிருந்து அங்குள்ள பிரபல ஏரிக்கரை ஊரான விண்டர்மியருக்குச் சாலையில் சுமார் 430 கிலோமீட்டர். எங்கும் நிற்காமல் போனாலே ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும், திரும்பி வரவும் அதே அளவு. அதாவது முழங்கால் வலிக்காரரைப் பத்து மணி நேரத்துக்கு மேல் காலை மடக்கி உட்காரவைத்துவிட்டு, மிச்ச நேரத்தில் கண்ணாடி வழியாக ஏரி காட்டப் போகிறார் அந்த வேன்காரர். ஒவ்வோர் ஏரியிலும் எத்தனை நிமிடம் நிற்கும், படகு டிக்கெட் அந்தக் காசிலேயே சேர்த்தியா, டூர் ரத்தானால் பணம் எப்போது வரும் என்று எழுத்தில் கேட்டுப் பாருங்கள், முக்கால்வாசிப் பேர் "பார்த்துக்கலாம் சார்" என்பார்கள். இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: 24 மணி நேரத்துக்குக் குறைவான, இரவு தங்கல் இல்லாத பயணத்துக்கு இந்த நாட்டின் பேக்கேஜ் பயண விதிகளின் பாதுகாப்பு கிடையாது. சொந்த வங்கிக் கணக்குக்குப் பணம் போடச் சொன்னால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

பத்து ஏரி எதற்கு? ஓர் ஏரி போதும், இரண்டு இரவு தங்குங்கள். உங்களுக்கு நான் சொல்வது கெஸ்விக், டெர்வென்ட்வாட்டர் ஏரிக்கரையில் இருக்கும் சின்ன ஊர். லண்டன் யூஸ்டன் நிலையத்தில் ரயில் ஏறி பென்ரித்தில் இறங்கினால் அங்கிருந்து எக்ஸ்4, எக்ஸ்5 பேருந்துகள் முக்கால் மணி நேரத்தில் கெஸ்விக்கில் விட்டுவிடும். ஏன் எல்லாரும் போகிற விண்டர்மியர் இல்லை? ஆக்ஸன்ஹோம் நிலையத்தில் ரயில் மாற வேண்டும், அதன்பின் சுமார் 16 கிலோமீட்டருக்கு ஒற்றைத் தண்டவாளம், ஒரு ரயில் தாமதமானால் அடுத்ததும் தடுமாறும். அதை மின்மயமாக்குகிறோம் என்று வருஷக்கணக்காகச் சொல்லிவிட்டு 2017-இல் அரசாங்கமே கைவிட்டது. லேக் டிஸ்ட்ரிக்டை உலக பாரம்பரியச் சின்னம் என்று யுனெஸ்கோ அறிவித்ததும் அதே 2017-தான், அதே ஜூலை மாதம்! பெருமைக்குக் குறைவில்லை, தண்டவாளம் மட்டும் அப்படியே கிடக்கிறது.

டிக்கெட் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், இங்கேதான் நிறையப் பேர் பணத்தை விடுகிறார்கள். அப்பா அம்மாவுக்கு முதியோர் இலவசப் பேருந்து அட்டை கிடைக்காது, அது இங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும். ஆனால் ரயிலுக்கு வழி இருக்கிறது. ஃபேமிலி அண்ட் ஃபிரண்ட்ஸ் ரயில்கார்டு ஒன்றை 35 பவுண்டுக்கு உங்கள் பெயரில் எடுத்தால் நான்கு பெரியவர்கள், நான்கு குழந்தைகள் வரை ஒன்றாகப் போகலாம், பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, குழந்தைக்கு 60 சதவீதம் தள்ளுபடி. நீங்கள் இருவர், அப்பா, அம்மா, மகன், கணக்கு சரியாக உட்காருகிறது. விருந்தாளிக்குத் தனி அட்டை தேவையில்லை. ஆனால் 5 முதல் 15 வயதுக்குள் ஒரு குழந்தையாவது டிக்கெட்டோடு அந்த ரயிலில் இருந்தாக வேண்டும், அட்டையில் பெயர் உள்ளவரும் கூட இருக்க வேண்டும். பையனுக்குக் காய்ச்சல், மனைவி அவனோடு வீட்டில் இருக்கட்டும், நாம் மூன்று பேர் போய் வருவோம் என்று கிளம்பினால் அந்தத் தள்ளுபடி டிக்கெட் செல்லாது. வழியில் சண்டை போட்டு ஒருவர் மட்டும் பையனைக் கூட்டிக்கொண்டு முந்தைய ரயிலில் திரும்பினாலும் அப்படித்தான். பரிசோதகர் பரிதாபப்படுவார் என்று நம்பி ஏறாதீர்கள். டிக்கெட்டை ரயில் நிறுவனத்தின் தளத்திலேயே வாங்குங்கள், புக்கிங் கட்டணம் இருக்காது. பிரபலமான சில ஆப்கள் அதற்கும் காசு பிடிக்கும்.

சரி, போய் என்ன செய்வது? படகு. கெஸ்விக் லாஞ்ச் என்ற படகுகள் ஏரியைச் சுற்றி இரு திசையிலும் ஓடும், முழுச் சுற்று சுமார் 50 நிமிடம், வழியில் துறைகளில் இறங்கி அடுத்த படகில் ஏறலாம். இதையே "பிரைவேட் குரூஸ்" என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள், துறையிலேயே டிக்கெட் கிடைக்கும். லோ பிராண்டல்ஹோவில் இறங்கி ஹாஸ் எண்ட் வரை கரையோரமாக, மரநிழலில் நடக்கலாம், பெரிய ஏற்றம் கிடையாது. அம்மாவுக்கு அதுவும் முடியாதென்றால் படகிலேயே உட்கார்ந்திருக்கட்டும். மேற்குக் கரையில் கேட்பெல்ஸ் என்று 451 மீட்டர் குன்று ஒன்று தெரியும், இன்ஸ்டாகிராமில் குடும்பத்தோடு ஏற ஏற்றது என்று போட்டிருப்பார்கள், உச்சிக்குக் கீழே பாறையைக் கையால் பிடித்து ஏறும் இடங்கள் இருப்பதைப் போட மாட்டார்கள். அப்பா உற்சாகத்தில் கிளம்பினாலும் தடுத்துவிடுங்கள்.

படகுத்துறையிலிருந்து ஃபிரையர்ஸ் கிராக் முனைக்குப் பத்துப் பதினைந்து நிமிட சமதள நடை, பெஞ்சும் உண்டு, புளிசாதத்தை அங்கே பிரியுங்கள். மறுநாள் கெஸ்விக்கிலிருந்து த்ரெல்கெல்ட் கிராமம் வரை போகும் பழைய ரயில் பாதை. தண்டவாளம் போய்விட்டது, இப்போது நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் ஏறக்குறைய 5 கிலோமீட்டர் பாதை. 2015 டெஸ்மண்ட் புயலில் பாலங்கள் அடித்துப்போய் 2020 டிசம்பரில்தான் முழுதாகத் திறந்தார்கள். சக்கர நாற்காலியே போகும் அளவுக்குச் சீரானது, பையனுக்கு வாடகை சைக்கிள் எடுங்கள், அம்மா முடிந்தவரை நடந்து திரும்பட்டும். ஊருக்கு வெளியே காஸில்ரிக் கல்வட்டம் இருக்கிறது, சுமார் 5,000 ஆண்டுப் பழமை, டிக்கெட் கிடையாது, ஏற்றம் என்பதால் டாக்ஸி பிடித்துவிடுங்கள்.

மழையைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பக்கத்துப் பள்ளத்தாக்கில் உள்ள சீத்வெயிட்டில் வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது, சென்னையைப் போல் இரண்டு மடங்கு. கெஸ்விக்கில் அவ்வளவு இல்லை. ஜூனில் ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருப்பதால் மழை விட்ட பிறகு கிளம்பினாலும் போதும். குடை காற்றில் திரும்பிக்கொள்ளும், மழைக் கோட்டு வாங்குங்கள்.

பேருந்துக் கட்டணம் 2025 முதல் ஒருவழிக்கு 3 பவுண்டுக்கு மேல் போகாது, அது நல்லது. வெளிச்சம் இருக்கிறதே என்று மட்டும் அசந்துவிடாதீர்கள், கடைசிப் பேருந்து சூரியனைப் பார்த்து ஓடுவதில்லை. கோடைக்கால அட்டவணை வேறு, குளிர்கால அட்டவணை வேறு, ஞாயிறு வேறு. கம்பத்தில் ஒட்டியிருப்பது எந்தக் காலத்துடையது என்று தேதியைப் பார்த்தால்தான் தெரியும். காலையில் இறங்கும்போதே ஓட்டுநரிடம் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் அறையைப் பிடியுங்கள், வார நாளில், கீழ்த்தளத்தில். அங்கே பழைய கல் வீடுகளைத்தான் விடுதியாக்கியிருக்கிறார்கள், லிஃப்ட் இருக்காது.