இரண்டு சுரங்களை இணைப்பது

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன மாதம் ஒரு கட்டுரையில் நீங்கள் பெயர் மட்டும் சொல்லிவிட்டுப் போன ஹங்கேரிய இசையமைப்பாளர் ஜியார்ஜி குர்டாக்கைத் தேடிக் கேட்டேன். பிடிபடவில்லை. ஒரு நிமிடம்கூட ஆகாமல் முடிந்துவிடும் துணுக்குகள். என் எட்டு வயது மகள் கீபோர்டை உள்ளங்கையால் அறைந்தால் நாங்கள் திட்டுகிறோம். இவரோ அதையே நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். இதை எப்படிக் கேட்பது? இவர் யார் என்றும் கொஞ்சம் சொல்லுங்கள்.

ம., திருச்சி

அன்புள்ள ம.,

அவர் யார் என்பதிலிருந்தே தொடங்குகிறேன். அந்தத் துணுக்குகள் ஏன் அத்தனை சின்னவை என்பதற்குக் காரணம் அவர் வாழ்க்கையில் இருக்கிறது.

குர்டாக் 1926இல் ருமேனியாவின் லுகோஜ் நகரத்தில், ஹங்கேரிய மொழி பேசும் குடும்பத்தில் பிறந்தார். போர் முடிந்ததும் படிக்கத் தேடிப் போனது புடாபெஸ்ட்டின் லிஸ்ட் இசைக் கல்லூரியை. அமெரிக்காவில் இருந்த ஹங்கேரிய இசை மேதை பார்டோக் திரும்பி வந்து பாடம் எடுப்பார் என்று அவரும், பின்னாளில் புகழ்பெற்ற இசையமைப்பாளரான நண்பர் லிகெட்டியும் நம்பியிருந்தார்கள். 1945 செப்டம்பரில் பார்டோக் நியூயார்க்கில் இறந்துபோனார். கல்லூரியில் கறுப்புக் கொடி பறந்தது.

ஹங்கேரியில் சோவியத் ஆதிக்கத்தை எதிர்த்த 1956 எழுச்சி நசுக்கப்பட்டதும் லிகெட்டி நாட்டைவிட்டு வெளியேறினார். குர்டாக் அடுத்த வருடம் பாரிசுக்குப் போய் பிரெஞ்சு இசையமைப்பாளர் மெசியானின் வகுப்பில் உட்கார்ந்தார். ஆனால் எழுத வரவில்லை. கடுமையான மனச்சோர்வு. அப்போது மரியான் ஸ்டைன் என்ற உளவியலாளர் அவரிடம் சொன்னது ஒன்றுதான்: எல்லாவற்றையும் விட்டுவிட்டு, இரண்டு சுரங்களை இணைத்துப் பாருங்கள். ஊர் திரும்பி 1959இல் நான்கு தந்தி வாத்தியங்களுக்கு ஓர் இசை எழுதினார். அதற்கு முன் எழுதியதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, 33 வயதில் அதற்குத்தான் 'ஓபஸ் 1', அதாவது முதல் படைப்பு, என்று எண் போட்டார். அதை அந்தப் பெண்மணிக்கே காணிக்கையாக்கினார்.

இதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள். அவர் பெரிதாக எழுத முடிந்தும் சுருக்கிக்கொண்டவர் இல்லை. ஒவ்வொரு சுரத்தையும், இதற்கு அடுத்தது இதுதானா என்று கேட்டுக் கேட்டு வைத்தவர். 'மனிதர் பூக்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு பியானோ துணுக்கு இருக்கிறது. மொத்தம் ஏழு சுரங்கள். எனக்கு அதில் ஒன்றைக்கூட எடுத்துவிடத் தோன்றியதில்லை.

கொஞ்சம் பழகியபின் 'காஃப்கா துணுக்குகள்' கேளுங்கள். ஒரு பெண் குரல், ஒரு வயலின், 40 பாடல்கள், ஏறக்குறைய ஒரு மணி நேரம். வரிகள் எழுத்தாளர் காஃப்காவின் நாட்குறிப்புகளிலும் கடிதங்களிலும் இருந்து எடுத்தவை. முதல் பாடலில் நல்லவர்கள் ஒரே தாளத்தில் நடந்துகொண்டே இருக்கிறார்கள், மற்றவர்கள் அவர்களைச் சுற்றி ஆடுகிறார்கள். வயலின் இரண்டே சுரங்களுக்கு நடுவில் இப்படியும் அப்படியும் கால் மாற்றிக்கொண்டிருக்கும்; குரல் அதை விட்டு விலகி விலகித் துள்ளும். பாரிசில் கேட்ட அந்த அறிவுரை, கிட்டத்தட்ட 30 வருடங்களுக்குப் பிறகு, இங்கே நடந்துபோவதாகவே எனக்குப் படுகிறது.

அந்தப் பாரிஸ் நாட்களில் பார்த்த இன்னொன்றும் அவரை விடவில்லை. 1957இல் அங்கே நாடகாசிரியர் சாமுவேல் பெக்கெட்டின் நாடகம் ஒன்றைப் பார்த்தார். அதை ஆபெராவாக்கி, அதாவது பாடியே நடிக்கும் இசை நாடகமாக்கி, மிலானின் லா ஸ்காலா அரங்கில் மேடையேற்றியது 2018 நவம்பரில். அப்போது அவருக்கு 92 வயது. அவருடைய ஒரே ஆபெராவாக அன்று இருந்தது அதுதான்.

இனி உங்கள் மகள் விஷயம். நீங்கள் கேட்டது 1973இல் அவர் எழுதத் தொடங்கிய 'விளையாட்டுகள்' வரிசையாகத்தான் இருக்க வேண்டும். பியானோவை இன்னும் பொம்மையாகவே பார்க்கிற குழந்தைகளைக் கவனித்து எழுதியது. தடவுவார்கள், குத்துவார்கள், விரலை ஓடவிடுவார்கள். அதிலிருந்தே இசை தொடங்கட்டும் என்று நினைத்தார். எனக்கு இது ரொம்பச் சரியாகப் படுகிறது. கை விறைத்துப்போன பிறகு சுரம் சொல்லிக்கொடுத்து என்ன பயன்?

இந்தத் துணுக்குகளை அவரும் மனைவி மார்த்தாவும் சேர்ந்து வாசித்த பதிவுகள் கிடைக்கின்றன. 1947இல் கல்யாணம், 2019இல் மார்த்தா இறக்கும்வரை அவர்தான் முதல் ரசிகர், முதல் விமர்சகரும். மேடையில் பெரிய பியானோ கிடையாது. வீட்டில் சுவரோரம் நிற்குமே, அந்த மாதிரி நிமிர்ந்த பியானோ. ஒலியை அமுக்கும் மிதியைப் போட்டுக்கொண்டு, சபைக்கு முதுகைக் காட்டி இரண்டு வயதானவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். நடுநடுவே பழைய ஜெர்மானிய மேதை பாக்கின் இசையும் வரும். ஒருவர் கைக்கு மேலாக மற்றவர் கை எட்டிப்போய் ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கிவிடும். பஸ்ஸில் போகும்போது இயர்போனில் கேட்காதீர்கள், பாதி காதில் விழாது. ராத்திரி, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, ஒரே துணுக்கை நாலைந்து தடவை கேளுங்கள்.

அப்புறம், அந்த வரிசையில் 'சி'யில் ஒரு முன்னிசையும் வால்ட்ஸ் என்ற நடன இசையும் உண்டு. முழுக்க சி என்ற ஒரே சுரம்தான், மேலும் கீழுமாக வெவ்வேறு இடங்களில். உங்கள் வீட்டுக் கீபோர்டில் 61 கட்டைகள் இருந்தால் ஆறு சி இருக்கும். மகளை எல்லாவற்றையும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எப்படி வேண்டுமானாலும் தொடட்டும், உள்ளங்கையாலும்கூட. பிறகு என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.