கொரோனா காலப் பள்ளி மூடல் பற்றிய நூலில், மதிப்பெண் கூடியதை வைத்து ‘பாதிப்பில்லை’ என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். 2020, 2021 மதிப்பெண்கள் முந்தைய ஆண்டுகளைவிடக் கூடியிருப்பது, பள்ளி மூடல் படிப்பைப் பாதிக்கவில்லை என்பதற்கு ஆதாரம் ஆகாது.

அளவுகோலே மாறியதுதான் காரணமாக இருக்க வேண்டும். அந்த இரண்டு ஆண்டும் பல நாடுகளில் பொதுத்தேர்வை ரத்து செய்து, ஆசிரியர் மதிப்பீட்டை வைத்தே மதிப்பெண் போட்டார்கள். பிரிட்டனின் பள்ளி இறுதித் தேர்வான ஏ-லெவலைப் பாருங்கள்: ஏ அல்லது அதற்கு மேல் தரம் கிடைத்த முடிவுகள் 2019-ல் 25.4%, 2021-ல் 44.8%.

உண்மையான பாதிப்பை அறிய, பள்ளி மூடலுக்கு முன்னும் பின்னும் மாறாத ஒரு தேர்வை எடுத்து, பெற்றோரின் கல்வி வாரியாகப் பிரித்துப் பாருங்கள். இந்தப் பிரிப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள், விஷயமே அதில்தான் இருக்கிறது. நெதர்லாந்தில் 2020-ல் பள்ளிகள் மூடியிருந்தது சுமார் 8 வாரம்தான், இணைய வசதியும் நன்றாகவே இருந்தது. அப்படியும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் வீட்டிலிருந்து கற்றது மிகக் குறைவு. அதிலும் பெற்றோர் அதிகம் படிக்காத வீடுகளில் இழப்பு 60% வரை கூடுதல். சராசரியை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது.

அப்புறம், படிப்பை நிறுத்திவிட்ட பிள்ளைகள் எந்தத் தேர்வுப் பட்டியலிலும் இருக்க மாட்டார்கள். சேர்க்கை எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சமூக முன்னேற்றம் (பிள்ளைகள் பெற்றோரைவிட உயர்ந்த நிலைக்குப் போவது) பற்றிய அத்தியாயத்தில் கவனம் தேவை. 2020-ல் 8 வயதான பிள்ளை இன்னும் சம்பாதிக்கவே தொடங்கவில்லை. அங்கே வரும் வருமான எண்கள் எல்லாம் கணிப்புகள், கணிப்பு என்றே குறிப்பிடுங்கள்.